ஞாயிற்றுக்கிழமை பார்த்த இடம்

எனக்கு அறிவு கொஞ்சம் மட்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் நிறுத்த இடம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கிளம்பியவன் நான்.

நூற்றெட்டு வருவதற்கு முந்தைய காலம். எங்கள் பகுதியில் சின்னச் சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு பழைய வேனை ஆம்புலன்சாக மாற்றினோம். அதை எங்கே நிறுத்துவது என்பது என் பொறுப்பு. மற்ற நாளில் கம்பெனியை விட்டு நகர முடியாது. ஷிப்மென்ட் கழுத்தைப் பிடிக்கும். அதனால் ஊரே தூங்கும் விடுமுறை நாளில் மொபெட்டில் சுற்றினேன். கடைவீதி நடுவில் ஒரு காலி ஷெட். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் பறந்தேன். வரைபடத்திலும் அது நட்டநடுவில் இருந்தது. கூட்டத்தில் கைதட்டினார்கள், நானும் கொஞ்சம் தட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலமானால் தையல், அயர்ன், பேக்கிங் ஆட்கள் மொத்தப் பேரும் அந்தக் கடைவீதிக்குத்தான் வருவார்கள். சம்பளம் கொடுக்கிற எனக்கே அது ஞாபகமில்லை.

முதல் சனிக்கிழமையே போன் வந்தது. என் கம்பெனி டெய்லர், திருநெல்வேலிக்காரர். மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டதாம். ஷெட்டில் நின்று பெருமை பேசிக்கொண்டிருந்த நான் டிரைவர் பக்கத்தில் தாவி ஏறினேன்.

வண்டி தெருவில் இறங்கியது, நின்றது. முன்னால் நைட்டிக் குவியல், பின்னால் பொரி வண்டி. சைரன் போட்டும் ஜனம் விலகவில்லை. என்ன விற்கிறோம் என்று எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, இந்த எடத்தப் பாத்தது ஆருங்க?" என்றார் டிரைவர்.

"கமிட்டிங்க."

"கமிட்டி சனிக்கெழம வெளிய வந்ததே இல்லீங்களா?"

மறுபடி போனில் டெய்லர். "சார், எங்க வாறிய? இவளால முடியல."

"பக்கத்துல வந்துட்டோமுங்க," என்றேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஷெட்டின் கதவு இன்னும் தெரிந்தது.

அதன்பிறகு போன் வரவில்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை.

திடீரென்று கூட்டம் பிளந்தது. துணி ரோல் தள்ளும் டிராலியில் மனைவியைக் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிவர, டெய்லர் முன்னால் வழி விலக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ஒரு வெட்டுத்துணியைப் பல்லில் இறுக்கிக் கடித்திருந்தாள். பின்கதவைத் திறந்து ஏற்றினோம். ஆஸ்பத்திரியோ எதிர்த்திசையில். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவதற்குள் கூட்டம் மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே அவள் முனகல் உயர்ந்தது.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "கவலப்படாதீங்க, மேப்புல பாத்தா ஆஸ்பத்திரி ஒரு வெரல் அகலந்தானுங்க," என்றேன்.

டெய்லர் வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீரு எறங்கி முன்னால ஓடி வழிய வெலக்கும்வே."