நாலு முங்கு, ஒரு டைவ்

கடலே இல்லாத சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு கடலுக்குள் வழிகாட்டியாகப் போகப்போகிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "நெசமாவா டீச்சர்?" என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு விடுமுறையில் தூத்துக்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போன இடத்தில், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொடுக்கும் நிலையம் ஒன்றைப் பார்த்தேன். சும்மா ஒரு தடவை இறங்கிப் பார்ப்போமே என்றுதான் போனேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. சனிக்கிழமை ஆனால் முதல் பஸ்ஸில் கோவில்பட்டி, அங்கிருந்து தூத்துக்குடி என்று கிளம்பிவிடுவேன்.

அந்த நிலையத்தில் சனி, ஞாயிறுகளுக்கு ஒரு வழிகாட்டி தேவைப்பட்டது. 'டைவ் மாஸ்டர்' தகுதியை வாங்கிவிட்டால் அந்த இடம் எனக்குத்தான் என்று நிலையத்துக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு மற்ற தேர்வுகளோடு அறுபது டைவும் முடித்திருக்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றையும் லாக் புக்கில் எழுதி, பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். காற்றுக்காலம் வந்து கடல் கலங்கும் முன்னால் இதை முடித்தாக வேண்டும் என்பது நிலையத்துக்காரரின் நிபந்தனை. அந்த இடத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. மைதானத்து ஓரத்தில் விசிலோடு நின்று அடுத்தவர்களை ஓடவிட்டே பாதி ஆயுசு போய்விட்டது. முன்னால் நான் போக வேண்டும், என் பின்னால் நாலு பேர் வர வேண்டும் என்று இருந்தது.

அறுபதும் முடிந்தது. லாக் புக்கின் பக்கங்களைப் படம் பிடித்து, சென்னையில் இருக்கும் தேர்வாளருக்கு அனுப்பிவைத்தேன். அவர் கூப்பிட்டபோது பள்ளி மைதானத்தில் கபடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒரே நாள், ஒரே இடம், ஒரு மணி நேரத்துக்குள்ள நாலு டைவ்னு எழுதியிருக்கீங்களே, எப்படி?"

"இறங்கினேன் சார். நாலு தடவை இறங்கினேன்."

"நடுவுல ரெஸ்ட் எவ்வளவு நேரம்?"

"ரெஸ்ட்டா? பையைப் படகுல குடுத்துட்டு உடனே முங்கிட்டேன்."

அவர் பொறுமையாகச் சொன்னார். இருபது நிமிடமாவது தண்ணீருக்குள் இருந்தால்தான் அது ஒரு டைவ். மேலே வந்து போதுமான நேரம் இளைப்பாறிய பிறகு இறங்கினால்தான் அடுத்த டைவ். நடுவில் தலையை நீட்டிவிட்டுத் திரும்ப இறங்குவதெல்லாம் ஒன்றுதான். அதோடு, அப்படி ஏறி இறங்குவது உடம்புக்கும் ஆகாது. "ஒக்காந்து எண்ணிப் பாத்தேன் மேடம். நாப்பத்தி ஒண்ணுதான் தேறுது."

கையிலிருந்த சுண்ணாம்புப் பொடி முழுவதும் காலில் கொட்டிவிட்டது.

விஷயம் இதுதான். பாறைகளில் சிக்கிக் கிடக்கும் பிய்ந்த வலைகளை அறுத்தெடுக்கும் வேலைக்கு நானும் போவேன். பை நிறைந்ததும் மேலே வந்து படகில் கொடுப்பேன், திரும்ப இறங்குவேன். நான் பிறந்த குருவிகுளம் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு தடவை உள்ளே போய் வந்தால் ஒரு முங்கு. தலை வெளியே வந்துவிட்டால் அந்த முங்கு முடிந்தது. இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் கிடையாது. அதனால் நாலு முங்கை நாலு வரியாக எழுதினேன். கிணற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு போகிறோம், இங்கே சிலிண்டரோடு போகிறோம் என்ற வித்தியாசம் என் மண்டையில் ஏறவே இல்லை.

சரி, நான் வறண்ட காட்டுக்காரி. கையெழுத்துப் போட்ட பயிற்சியாளர் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எப்படித் தோன்றாமல் போனது? அடுத்த சனிக்கிழமை சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் லாக் புக்கை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பா கடல்ல மூச்சடக்கி முங்கிச் சங்கு எடுக்குற சங்குகுளிக்காரரு, டீச்சர். ஒருக்கா உள்ள போயி வந்தா ஒரு குளின்னுதான் எங்க வீட்டுல எண்ணுவாக. நீங்க நாலுன்னு எழுதியிருந்தீய, எனக்கும் நாலாத்தான் தெரிஞ்சுது."

கிணற்றுக்காரியும் சங்குகுளிக்காரர் மகனும் சேர்ந்து போட்ட கணக்கு இப்படித்தான் வரும் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அதோடு போயிற்று. ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "மீதி பத்தொம்பதையும் பழைய தேதியில எழுதிக் கொண்டாங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். தப்பு என் மேலயுந்தான இருக்கு. யாரு பாக்கப் போறா?" என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. நூறு மீட்டர் ஓட்டத்தில் கோட்டை மிதித்த பிள்ளையை, அது எவ்வளவுதான் அழுதாலும், வெளியே அனுப்புகிறவள் நான். "இதுவரைக்கும் எழுதினது தெரியாம எழுதினது மாஸ்டர். இனிமே எழுதினா அது பொய்யி. பத்தொம்பதுதான? இறங்கிட்டுப் போறேன்" என்றேன். சொல்லும்போது வீராப்பாகத்தான் இருந்தது. படகு கிளம்பியதும், கடல் கலங்க இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன்.

என் கணவர் விசைத்தறிக்கூடம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, நம்ம தறியில நூலு அறுந்து அறுந்து ஓடுனா, அறுந்த எடமெல்லாம் ஒவ்வொரு சேலன்னு எண்ணுவியாக்கும்?"

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. இனிமே சனிக்கிழம சமையல் உங்க பாடு."

"செய்யுதேன், போ. நீ முங்கிட்டு வா."

சொன்னபடியே செய்தார். எல்லாச் சனிக்கிழமையும் ரசம்தான் வைத்தார் என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு ஒரு வாரமும் விடவில்லை. சளி பிடித்த ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் அடைத்த காதோடு இறங்கக்கூடாது என்று கரையிலேயே உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது. மற்ற நாட்களில் இறங்கினேன், எழுதினேன். பயிற்சியாளரும் இப்போது ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார். இடையில் நிலையத்துக்காரர், வேறு ஒரு பையனும் அந்த வேலைக்குக் கேட்டிருக்கிறான், அவன் தகுதியெல்லாம் முடித்தவன் என்று காதில் போட்டுவைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பத்தொன்பது ஆயிற்று. அந்த வருசம் படகு போகும் கடைசி ஞாயிறு. கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு எனக்கு ஜோடியாக வந்தவர் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. முதல்நிலைச் சான்றிதழ் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இது என் அறுபதாவது என்று அவருக்கும் தெரியும். கயிற்றைப் பிடித்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே காதைத் தொட்டுக் காட்டினார். கொஞ்சம் மேலே கூட்டிப்போய் நிறுத்தி, மூக்கைப் பிடித்துக் காற்றை மெல்லத் தள்ளும்படி கையால் காட்டினேன். சரியாகிவிட்டது என்று சைகை காட்டினார். திரும்ப இறங்கினோம். திரும்பவும் காதுக்குக் கை போனது. கண்ணாடிக்குள் அவர் கண்கள் சுருங்கியிருந்தன. வலிக்கிறது, ஆனாலும் தன்னால் என் டைவ் கெட்டுப்போகக் கூடாது என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அந்த நேரம் என் மனசு என்னவெல்லாம் சொல்லியது என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மேலே போவோம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

படகில் ஏறுவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. "இனி எறங்க முடியாது, கரைக்குப் போவோம்" என்று படகோட்டி சொல்லிவிட்டார். அண்ணாச்சி பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, "தாயி, என்னாலதான உனக்குக் கெட்டுப் போச்சு?" என்றார்.

"கடல் அடுத்த வருசமும் இருக்கும் அண்ணாச்சி. காது போனா காது வருமா? சும்மா இருங்க" என்றேன்.

அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டியதும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். அந்த இடம் அந்தப் பையனுக்குப் போனது. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நிறையவே இருந்தது.

கடல் தெளிந்த முதல் சனிக்கிழமை திரும்பப் போனேன். என்னைப் பார்த்ததும் நிலையத்துக்காரர், "எடம் இல்லையே டீச்சர்" என்றார். "எடம் கேக்கல, டைவ் கேக்கேன்" என்றேன். அறுபதாவது டைவில் பார்க்கும்படியாக எதுவும் இல்லை. மணலும் கலங்கலும்தான். அரைமணி நேரத்துக்கு மேலேயே உள்ளே இருந்தேன். தேர்வாளர் இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சான்றிதழ் வந்தது.

இப்போது ஆட்கள் அதிகமாக வரும் ஞாயிறுகளில் என்னையும் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை என்னிடம் நாலு பேரை ஒப்படைத்தார்கள். கயிற்றைப் பிடித்து முதல் ஆளாக நான்தான் இறங்கினேன். உள்ளே இருந்த நேரம் முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எந்த மீனையும் பார்த்த ஞாபகம் இல்லை. மேலே வந்து கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால் தலைகளை எண்ணினேன். நாலு பேரும் இருந்தார்கள்.