வேலிக்கு வெளியே ஒரு வாசல்

காலை ஆறே முக்காலுக்கு வவுனியா பஸ் என்னை மன்னாரில் இறக்கிவிட்டது. தீவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சண்டை முடிந்து நான்காவது வருடம். ஆட்டோக்காரரிடம் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கோயில் இருக்கு, கோட்டை இருக்கு. தாழ்வுபாட்டுக்கு அங்கால ஒரு அக்கா ஒவ்வொரு நாளும் ஆமிக் காம்புக்கு முன்னால சட்டத்தை மீறி வாசல் கூட்டுறா."

சத்தியாக்கிரகம் என்றாலே எங்கள் ஊர்ச் சொத்து என்ற நினைப்பு எனக்கு. நான் வேதாரண்யத்துக்காரன், வெள்ளைக்காரன் தடையை மீறி உப்பு அள்ளிய ஊர். ஏழு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். ஏறிக்கொண்டேன்.

ஏழரை மணி. இராணுவ முகாமின் முள்கம்பி வேலி, அருகே நிற்கத் தடை என்று மும்மொழிப் பலகை. அதன் கீழேயே ஜெசிந்தா அக்கா விளக்குமாற்றால் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பியவர். வேலிக்கு உள்ளே தெரிந்த ஓட்டு வீடு அவருடையது.

"அம்மா, இங்க நிக்க ஏலாது," என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய்.

"ஓம் தம்பி, கூட்டி முடிச்சிட்டுப் போறன்."

காற்று திரும்ப மணலைக் கொண்டுவந்து போடுமே என்றேன்.

"ஆளில்லாத வீடு வளவெண்டு கந்தோரில எழுதி வச்சிருக்கினம். வாசல் கூட்டிக் கிடந்தா எப்பிடி ஆளில்லை எண்டுவினம்?"

கந்தோர் என்றது அரசாங்க அலுவலகத்தை. நான் எங்கள் ஊர்ப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அவர் நிமிர்ந்தார்.

"உப்பள்ள எத்தினை பேர் போனவை?"

"நூறு பேர் போல."

"நூறு பேரோ! இஞ்ச பன்ரண்டு குடும்பம் கூட்டினனாங்கள். மற்ற எல்லாரும் மாற்றுக் காணிக்குக் கையெழுத்து வச்சிட்டுப் போயிட்டினம். இண்டைக்கு ஒன்பது மணிக்குக் கந்தோர் ஆக்கள் பாக்க வருகினம். நான் தனிய நிண்டா விசர், பைத்தியம் எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம். இன்னொரு ஆள் நிண்டா அப்பிடி எழுதேலாது." பனையில் சாத்தியிருந்த இன்னொரு விளக்குமாற்றை எடுத்து நீட்டினார். "கொஞ்ச நேரம் நில்லுங்கோவன்."

"சுற்றுலா விசா அக்கா, பிரச்சினையாகிவிடும்."

"ஓம், நீங்கள் பயணம் வந்தனீங்கள்தானே," என்றார். கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

ஒன்பதே காலுக்கு ஜீப் வந்தது. நான் ஆட்டோவுக்குள் இருந்தேன். யாரும் இறங்கவில்லை. முன் இருக்கைக்காரர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார், எதையோ எழுதினார், ஜீப் திரும்பிவிட்டது. அக்கா குனிந்து கூட்டிக்கொண்டே இருந்தார்.

பத்தரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் உப்பள்ளப் போனவர்களின் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்று போலீஸ் தடிக்குப் பயந்து ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். இத்தனை நாளும் நான் யாருடைய பேரன் என்று கேட்டுக்கொண்டதே இல்லை.