அம்மனிடம் நான் பூக் கேட்ட அழகு

எங்கள் தோட்டத்தில் இங்கிலீஷ் படித்த பெண் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பீர்கள்.

பொந்தியான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் கணவர் கணக்கெழுதும் கிராணி. கல்யாணத்தால் பாதியில் நின்ற படிப்பைத் தொடர வேண்டும் என்று, மகள் தவழ ஆரம்பித்த பிறகு எனக்கு ஆசை வந்தது. ஜொகூர் பாரு பட்டணத்தில் ஆசிரியைப் பயிற்சி வகுப்பு. குழந்தையோடு சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம். இடமும் கிடைத்துவிட்டது.

வீட்டில் சொன்னேனோ இல்லையோ, மாமியார் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா?"

மச்சினர் சும்மா இருப்பாரா? "அண்ணி பாஸ் பண்ணிட்டா அண்ணனைப் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க லா!"

கணவர் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இந்த மனுஷனை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அப்போதே முடிவு கட்டினேன்.

சண்டை ஓயவில்லை. கடைசியில் மாமியார், "நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அம்மன்கிட்ட பூக் கேட்டுடுவோம்" என்றார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சன்னிதியில் வைப்பது வழக்கம். குழந்தை எடுக்கிற பொட்டலம்தான் அம்மன் வாக்கு. என் பிறந்த வீட்டில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"பூவை நீயே கட்டு. அப்புறம் கெழவி ஏமாத்திட்டான்னு சொல்லாத."

படித்த மூளை சும்மா கிடக்குமா? இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன். அம்மனுக்குச் சிரமம் கொடுக்காத என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

மாமியார் கற்பூரம் ஏற்றி, கூடியிருந்தவர்கள் கேட்க உரக்க வேண்டினார். "தாயே, எங்க வீட்டு வழக்கப்படி சிவப்பு வந்தா இவ போகட்டும். வெள்ளை வந்தா வேணாம்."

ஐயோ, இந்த வீட்டில் சிவப்புதான் மங்கலமா? இங்கே வாழ வந்தவள் இதைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே!

மகள் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தாள். எதை எடுத்தால் என்ன! வெள்ளை.

சிவப்புப் பூவையாவது என் தலையில் வைப்போம் என்று மாமியார் மற்றதைப் பிரித்தார். அதுவும் வெள்ளை. தொலைந்தேன் என்று நின்றேன். அவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"அடி என் தங்கமே! போக மனசில்லைன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? இதுக்குப் போயா ரெண்டுலயும் வெள்ளையைக் கட்டினே?"

என்னைக் கட்டிக்கொண்டார். அம்மனை ஏமாற்றியதாக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. படிக்காமல் இருப்பதற்காக ஏமாற்றினால் அது நல்ல குணம் போலிருக்கிறது! உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை ஊரை விட்டே துரத்தியிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டு உத்தமியானேன். பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகள் முழுக்க என் பெருமைதான்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து பூப்போட்ட புதுக்குடை ஒன்றை எடுத்தார்.

"மழையில பஸ்ஸுக்கு நிப்பியேன்னு வாங்கி வெச்சேன். பூ எது வந்தாலும் நானே கொண்டுபோய் விடறதா இருந்தேன். போக இஷ்டமில்லைன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"எனக்குப் போகணுங்க!" என்று உடைந்து அழுதேன். "வெள்ளைன்னா சரின்னு நினைச்சுத்தான் கட்டினேன்."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். பிறகு அவர் முகமும் வாடிவிட்டது.

"உனக்கே போக இஷ்டமில்லைன்னு ஊரே நம்பிடுச்சே, இனிமே எப்படி? எங்க வீட்ல எது சரின்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடியும்போதே மழை. ஆளெடுக்கும் பெரட்டுக்கு அந்தப் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு அவர் போனார். நான் ஜன்னலோரம் நின்று, குடை மறையும்வரை பார்த்தேன்.