வேர்க்காத லென்ஸ்

கல்யாணப் படம் எடுக்கும் தொழிலில் அவருக்கு ராசிக்காரர் என்று பெயர். மழைக்காலத்தில் கடலோர ஓட்டலில் கல்யாணம் வைத்தால் படம் பிடிப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் புழுக்கம் பட்டு லென்ஸ் வேர்த்துவிடும். அரைமணி நேரத்துக்குப் பால் ஊற்றியதுபோல எல்லாம் வெள்ளையாகத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் அவருடைய லென்ஸ் மட்டும் ஒருநாள்கூட வேர்த்ததில்லை. "நம்ம லென்ஸ் அப்படி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

அப்போதெல்லாம் குடை பிடிக்க மனைவி கூடவே வருவாள். போன கோடையில் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் இது.

மணப்பெண் ஓட்டலை ஒட்டிய கழிமுகத்தின் எதிர்க்கரையிலிருந்து படகில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. சாயங்காலம் மழை சட்டென்று விட்டது. படகு கிளம்பிவிட்டது என்று தகவல் வந்ததும் அறையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு ஓடினார். கேமராவைக் கண்ணில் வைத்தால் படகும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரே வெள்ளை. சட்டை நுனியால் துடைத்தார். கடல் தெரிந்தது, மறைந்தது. மறுபடி துடைத்தார்.

பெண்ணின் தாய்மாமா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், லென்ஸ் அழுவுதா? பொண்ணைக் கட்டிக்கொடுக்கிறது நாங்க. நாங்கல்ல அழணும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குள் பெண் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மழையும் பிடித்துக்கொண்டது.

அவர் போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் முகம் தொங்கிப்போனது. "அந்த ஒரு படத்துக்காகத்தானே அங்கிள் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றாள். பிறகு அவளே, "காலைல மழை விட்டா திரும்பப் படகுல வந்து இறங்குறேன். ஒரே ஒரு தடவைதான். சேலை நனைஞ்சா எங்கம்மா என்னைத் தொலைச்சுடுவாங்க" என்றாள்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் கிடந்தன. அப்போதுதான் உறைத்தது.

எந்த ஓட்டலானாலும் அவர் கண்விழிக்கும்போது மனைவி பால்கனியில்தான் இருப்பாள். இறுக்கி மூடிய கேமரா பை மடியில் இருக்கும். உப்புக் காற்றில் அதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறார். "நான் மட்டும் காத்து வாங்கணுமா? அதுவும் கொஞ்சம் வாங்கட்டுமே" என்பாள். கடல் பார்க்கும் ஆசைக்கு ஒரு சாக்கு என்று நினைத்து விட்டுவிட்டார். பைக்குள் இருந்த ஏசிக் குளிர் மெல்ல இறங்கட்டும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை. அவர் காலரைத் தூக்கிவிட்டபோதெல்லாம் குடையோடு பக்கத்தில் நின்று சிரித்தாள், அவ்வளவுதான்.

விடியும் முன்பே பையோடு பால்கனிக்குப் போனார். ஒரு நாற்காலி சாரலில் நனைந்துகொண்டிருந்தது. அதைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, துண்டால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, இன்னொன்றில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். கடல் நன்றாகத்தான் இருந்தது.

ஆறரைக்கு மழை விட்டது. பெண் சிரித்தபடி படகிலிருந்து கால் வைத்தபோது லென்ஸில் ஒரு பொட்டுப் புகை இல்லை.

தாய்மாமா கேமராவின் திரையில் படத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "அம்சமா வந்திருக்கு. உங்க லென்ஸ் நல்ல லென்ஸ்தான் சார்."

"லென்ஸ் இல்லீங்க. எங்க வீட்ல, முன்னாடியே எடுத்து வெளிய வச்சிருவாங்க."

"அப்படியா, அவங்களும் வந்திருக்காங்களா?"

அவர் பால்கனிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இல்லீங்க. இந்தத் தடவை வரல."