எஸ்தர் மேடத்தின் சிவப்புத் தொட்டி

செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸோடு நின்றபோது நான் வேலை பார்த்த தோல் ஆலையிலிருந்து போன் வந்தது. "மாமா, எஸ்தர் மேடம் போய்ட்டாங்க. ஹார்ட்டு." ஜோலார்பேட்டை ரயிலே என் குரலுக்குப் பயந்துதான் ஹாரன் அடிக்கும். அன்று, "எப்போ எடுக்கறாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அந்த ஆலையின் கிடங்கை முப்பது ஆண்டுகள் சக்கரவர்த்தியாக ஆண்டவன் நான். உப்பிட்ட தோலில் சிவப்புத் திட்டு விழுந்தால் அந்தத் தோல் பாழ். உடனே நாடு கடத்திவிடுவேன். எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே, நான் ஒதுக்கிய அந்தத் தோலைத்தான் மேடம் கேட்டார்.

"இன்னாத்துக்கு மேடம், ஊறுகா போடவா?"

"ஆமா மாமா. மொத பங்கு உங்களுக்குத்தான்."

அந்தச் சிவப்பு, உப்பிலேயே வாழும் பாக்டீரியாவாம். தோல் ஊறவைத்த உப்புத் தண்ணீரில் மற்றக் கிருமிகள் பிழைக்காது. இவை மட்டும் அதில் நாறும் அழுக்கைத் தின்று வளரும் என்றார். முதலாளி ஒரு தொட்டியும் மூன்று மாதக் கெடுவும் கொடுத்தார். சரிப்பட்டால் பெரிய தொட்டிகள். இல்லையென்றால் மூடிவிட வேண்டும். இரண்டாம் மாதம் தொட்டி செக்கச்செவேலென்று ஆனது. நாற்றம் குறைந்தது. இனி பாலாறே பன்னீராக ஓடும் என்று வாலாஜாபேட்டை வரை அறிவித்துவிட்டேன்.

தங்கை கல்யாணத்துக்காக மேடம் சத்துவாச்சாரி போயிருந்தார். வெயிலில் தொட்டித் தண்ணீர் இறங்கியது. எங்கள் போர்வெல் தண்ணீர் கரிக்கும். மேடம் வளர்க்கும் பிள்ளைகளுக்கு அதையா ஊற்றுவது? கேன்டீனுக்கு வந்த குடிநீர் லாரியை மடக்கித் தளும்பத் தளும்ப நிரப்பினேன்.

திங்கட்கிழமை தொட்டி வெளுத்துக் கிடந்தது.

"நல்ல தண்ணி பட்டா இதுங்க வெடிச்சிடும் மாமா," என்றார் மேடம். திட்டவில்லை.

முதலாளி வந்து, "யாரு ஊத்துனது?" என்றார்.

"நான்தான் சார். தெரியாம பண்ணிட்டேன்," என்றார் மேடம்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை.

தொட்டியை மூடினார்கள். மேடம் மறுபடி தொட்டி கேட்டபோதெல்லாம், "நீங்கதானேம்மா கெடுத்தீங்க," என்று முதலாளி திருப்பி அனுப்பினார். ஒருநாள், "சொல்லிடட்டுமா மேடம்?" என்றேன்.

"நீங்க ரிடையராக ரெண்டு வருசம்தான் இருக்கு. சும்மா இருங்க மாமா."

ரிடையரான பிறகும் சும்மாவே இருந்தேன். பயமில்லை, வெட்கம்.

இறுதி மரியாதைக்கு மாலையோடு வந்த முதலாளி, "கெட்டிக்கார அம்மா. அந்த ஒரு தப்பு பண்ணாம இருந்திருக்கலாம்," என்றார்.

"ஊத்துனது நான் சார்," என்றேன்.

அவர் மாலையைப் பிடித்தபடியே நின்றார். பெட்டியருகே இருந்த மேடத்தின் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வாரம் சொல்லியிருந்தா அம்மா கேட்டிருப்பாங்களே, மாமா."

போய் வாருங்கள், மேடம். நீங்கள் வளர்த்தது வளர்ந்தது. கொன்றவன் நான்.