பொன்னகரின் வீட்டுச் சட்டம்

பொன்னகருக்கு அரசாங்கம் எழுதியது நான்தான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதைப் படித்துச் சிரித்தவர்கள் எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள், டவுனில் வளர்ந்தவர்கள். இன்றைக்கும் யாராவது அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வரட்டும்.

பொன்னகர் எந்த வரைபடத்திலும் இல்லை. அது கணினியில் ஓடிய ஒரு விளையாட்டு நகரம். ஜெயிப்பது, தோற்பது என்று அதில் ஒன்றும் கிடையாது. ஆளுக்கொரு வேடம். ஒருவர் டாக்சி ஓட்டுவார், ஒருவர் போலீஸ், ஒருவர் ஆஸ்பத்திரித் தாதி. மைக்கில் பேசிக்கொண்டே அந்த ஆளாக வாழ வேண்டும், அவ்வளவுதான். விளையாடியவர்கள் பெரும்பாலும் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகள். நடத்தியவர் அம்பாங்கானில் இருந்த ஒரு கல்லூரி மாணவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் ரந்தாவ் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பிக்குச் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. அந்த மாமாதான் பழைய சாமான்களை வாங்கி ஒரு கணினியாகச் சேர்த்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். என்னைப் பொன்னகருக்குள் இழுத்துவிட்டவரும் அவரே. அங்கே அவர் குப்பை லோரி ஓட்டுநர்.

"எவனும் குப்பை லோரி ஓட்ட மாட்டேங்கிறான் பாப்பா. போட்டியே இல்லலா, நான்தான் ராஜா" என்பார்.

ஒரு பள்ளி விடுமுறையில் அண்ணன், நகரத்துக்கு ஓர் அரசாங்கம் வேண்டும் என்றார். மேயராக இருக்க எல்லாரும் தயார். மேயர் என்ன செய்வார், அவருக்குக் கீழே யார், குப்பை எந்தத் தெருவுக்கு எப்போது போகும் என்றெல்லாம் உட்கார்ந்து எழுத ஒருவரும் தயாராக இல்லை. நான் எழுதுகிறேன் என்றேன்.

எனக்குத் தெரிந்த அரசாங்கம் ஒன்றுதான். பிரதமரும் மந்திரிகளும் டிவியில் இருந்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் விட்டதும் நிறுத்தியதும் தோட்ட நிர்வாகம். ஆகவே அதை அப்படியே எழுதினேன். மேலே மேனேஜர், பெயருக்கு மேயர். அவருக்குக் கீழே கணக்கு வழக்கு பார்க்கக் கிராணி. ஆட்களை வேலை வாங்கத் தெருவுக்கொரு மண்டோர். தினமும் ஆட்டம் தொடங்கும்போது எல்லாரும் நகர மண்டபத்தின் முன் வரிசையாக நிற்க வேண்டும்; மண்டோர் பெயர் கூப்பிடுவார். தோட்டத்தில் அதைப் பெரட்டு என்போம். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயக் கொட்டகை. திருவிழாவுக்கு லீவு. பிறகு வீடு. வேலையில் சேர்ந்தால் வீடு. வேலை போனால் வீடும் போகும், அடுத்து வருகிற ஆளுக்கு அது வேண்டும் அல்லவா. பெரட்டுக்குத் தொடர்ந்து வராதவனுக்கு வேலை போகும்.

மற்றதையெல்லாம் படித்து அண்ணன் பாராட்டினார். ஆயக் கொட்டகை என்ன என்று கேட்டு, நல்ல யோசனை என்றார். வீட்டுச் சட்டத்துக்கு வந்ததும் மைக்கில் அவர் சிரிப்புச் சத்தம்.

"என்னாலா இது, கவர்மெண்டா ஜெயிலா?"

"எங்க ஊர்ல இப்படித்தான்."

"உங்க ஊரு தோட்டம். இது சிட்டிலா."

"உங்க வீடு யாரோடது?" என்று கேட்டேன்.

"எங்களோடதுதான்."

"உங்க அப்பா வேலைய விட்டுட்டா?"

"விட்டா என்னா? வீட்ல படுத்துக்கிட்டு டிவி பாப்பாரு."

மைக்கில் எல்லாரும் சிரித்தார்கள். தோட்டத்து மேடம் என்று ஒருவன் பட்டம் வைத்தான். அண்ணன் புளுகுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். வேலைக்குப் போகாத ஆளை ஒரு வீட்டில் யார் படுக்க விடுவார்கள்? நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்ததை எழுதினேன். அந்தச் சட்டத்தை எடுத்தால் மொத்தத்தையும் எடுத்துவிடுவேன் என்றேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்று அண்ணனுக்குத் தெரியும். சட்டம் நின்றது. எழுதியவள் என்பதால் கிராணி வேலையும் எனக்கே வந்தது.

ஒன்று சொல்கிறேன். அதற்குப் பிறகு பொன்னகரில் குப்பை நேரத்துக்குப் போனது. சிரித்தவர்கள் எல்லாரும் ஒழுங்காகப் பெரட்டுக்கு வந்து நின்றார்கள்.

அதே வருடம் பிறகு என் அப்பா வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். செம்பனைக் குலை ஒன்று அவர் தோள்மேல் விழுந்திருந்தது. குலை வெட்டுகிறவன் நீளக் கம்பைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அப்பாவுக்கு வலது கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. நிர்வாகம் கொஞ்ச காலம் பார்த்தது. பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அவர்கள் அதை நல்ல வார்த்தையில்தான் சொன்னார்கள். நல்ல வார்த்தையில் சொன்னால் அது வேறு ஒன்றாகிவிடும் என்று நினைப்பவர்கள் அவர்கள்.

அம்மா போக மாட்டேன் என்றாள். இந்தத் தோட்டத்தில் காடு வெட்டியவர்கள், ரப்பர் மரம் வைத்தவர்கள், அதைப் பிடுங்கிச் செம்பனை வைத்தவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள், அப்படியிருக்கப் போவதென்றால் எங்கே போவது என்று கேட்டாள். எனக்கு அது புரியவில்லை. அம்மா ஏன் இப்படி வம்பு செய்கிறாள் என்று இருந்தது.

"ரூல்ஸ் அப்படித்தானம்மா" என்றேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ரூல்ஸ எழுதுனவன என் முன்னால வரச் சொல்லு" என்றாள். என்னளவில், எழுதிய நான் அவள் முன்னால்தான் நின்றிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா பொன்னகரில் பெரட்டுக்கு வருவதை நிறுத்தினார். ஷிஃப்ட் மாறிவிட்டது என்றார். மண்டோர் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். சட்டப்படி மாமாவுக்கு வேலை போனது. வேலை போனதால் வீடும் போக வேண்டும். சொந்த மாமா என்று விட்டால் நான் என்ன கிராணி? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து வீட்டை ஒப்படைக்கச் சொல்லித் தகவல் அனுப்பினேன்.

அந்த ஞாயிறு அம்மா என் பின்னால் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அதை அவள் குசினியில்தான் செய்வாள். மாமா அன்று காலையில் அவளுக்குப் போன் செய்திருந்தார்.

பொன்னகரில் நான் மாமாவின் வீட்டுக்குப் போனபோது குப்பை லோரி வாசலை அடைத்து நின்றது. மாமா கூரைமேல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, லோரிய எடுங்க. லோரியும் நகரத்தோடதுதான்."

"சாவி தொலஞ்சி போச்சி பாப்பா."

"கிராணின்னு கூப்பிடுங்க."

"சரிங்க கிராணி. சாவி தொலஞ்சி போச்சிங்க கிராணி."

டாக்சிகள் ஒவ்வொன்றாக வந்து லோரிக்குப் பின்னால் நின்றன. தாதி வந்தாள். நான் போலீசைக் கூப்பிட்டேன். போலீஸ் வந்து, தன் காரையும் குறுக்கே நிறுத்திவிட்டு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார்.

"என்னாடி நடக்குது அங்க?" என்றாள் அம்மா.

"வேல போயிருச்சி. வீட்ட விட மாட்டேங்கிறாரு."

"லோரிய இழுத்துப் போட முடியாதா?"

"இழுக்கணும்னா இன்னொரு லோரி வரணும். அதுக்கு வழி இல்ல, டாக்சி அடச்சிருக்கு."

"போலீசு?"

"அவனும் சேந்துக்கிட்டான்."

அம்மா நெத்திலியைக் கீழே வைத்தாள். திரையை அவ்வளவு நேரம் அவள் பார்த்து நான் பார்த்ததில்லை. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, "டேய் தம்பி, சாப்டியா?" என்றாள்.

"சாப்டேங்க்கா. நல்லா பாத்துக்கிட்டியா?" என்றார் மாமா.

சாயங்காலம்வரை நின்றேன். சட்டம் என் பக்கம் இருந்தது. தெரு முழுக்க ஆட்கள் அவர் பக்கம் இருந்தார்கள். சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதவைக்கூடத் திறக்க முடியவில்லை. விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மாமாவும் இறங்கவில்லை. பின்னாளில் ஒரு முறை, வேண்டுமென்றுதானே செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "ஷிஃப்ட் மாறிருச்சி பாப்பா" என்று அதே பதிலைச் சொல்லிச் சிரித்தார்.

நிர்வாகம் குறித்த நாள் வந்தது. நாங்கள் அன்றைக்கு வெளியேறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு மலிவு விலை வீட்டின் சாவி கையில் வரும்வரை அங்கேயேதான் இருந்தோம். கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நின்று வாங்கினோம்.

காலையிலேயே மாமா தெரிந்தவர் ஒருவரின் லோரியை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வரிசைக்கும் எதிர் வரிசைக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற வழிதான். அங்கே கொண்டுவந்து நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாமான் ஏற்ற லோரி வந்துவிட்டது என்று நினைத்து நான் என் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் முதல் ஆளாக ஏற்றினேன்.

"எறக்குடி" என்றாள் அம்மா.

"அப்ப லோரி எதுக்கு?"

"நிக்கிறதுக்கு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து லோரிக்குப் பின்னால் வரிசையாக விட்டார்கள். அப்பா லோரியின் படியில் உட்கார்ந்து, நல்ல கையால் சிகரெட் பற்றவைத்தார். சாமான்களை எடுத்துப்போக நிர்வாகம் அனுப்பிய டிராக்டர் முனையிலேயே நின்றுவிட்டது. கிராணி மட்டும் இறங்கி வெயிலில் நடந்து வந்தார். நிஜக் கிராணி. தலை முழுக்க நரைத்தவர். ஆபீசுக்குப் பக்கத்தில், மேட்டில் நிர்வாகம் கொடுத்த வீட்டில் அவர் குடும்பத்தோடு இருந்தார்.

அம்மா அவருக்கு நாற்காலி போட்டாள். காப்பி கலந்து கொடுத்தாள். அவர் குரலை ஏற்றவே இல்லை.

"இது நான் போட்ட சட்டமில்லம்மா. மேலேருந்து வருது. செனாவாங்குல வாடகைக்கு பிளாட் நெறய இருக்கு. பாத்துப் போயிருங்க."

அம்மா தலையாட்டினாள். பிறகு, ஊர்க்கதை பேசுகிற குரலில் கேட்டாள்.

"ஐயா, உங்களுக்கு எப்ப ரிட்டயர்?"

"வர்ற வருஷம்."

"அதுக்கப்புறம் அந்த மேட்டு வீட்டுல யாரு இருப்பா?"

கிராணி ஒரு வாய் காப்பி குடித்தார். காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரை இப்படித் திண்டாட வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அம்மா கேட்டதற்கு அவருக்கு உடனே பதில் தோன்றவில்லை போலும், உதவுவோம் என்று நினைத்தேன்.

"செனாவாங்குல பிளாட் நெறய இருக்காமே ஐயா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் வழி பார்த்து நடந்து போனார். டிராக்டர்காரனிடம் ஏதோ சொன்னார். டிராக்டர் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விஷயமாக வேறு ஆட்கள் வந்தார்கள், அவர் வரவே இல்லை.

நான் ஓடிப்போய்க் கோப்பையை எடுத்துப் பார்த்தேன். பாதிக் காப்பி அப்படியே இருந்தது. அம்மா சீனி போட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.