முதல் சீட்டில் நான் எடுத்தவள்

எங்கள் ஊரில் பெண்களுக்கென்று ஒரு பாஸ்கெட்பால் லீக் நடக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. "திருவண்ணாமலையிலயா?" என்று கேட்டுவிட்டு, கிரிவலம் வர எந்தப் பௌர்ணமி நல்லது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் நடக்கத்தான் செய்கிறது. வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள். நான்கு டீம், டீமுக்கு எட்டுப் பேர். காலேஜில் ஆடிவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொடாதவர்கள்தான் ஜாஸ்தி. பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறு மட்டும் லீவு. அன்றைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காது, பாதிப் பேருக்கு மலை சுற்றிய கால்வலி வேறு.

நான் அதில் ஒரு கேப்டன். வயது நாற்பத்தொன்று. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அரசு அலுவலகங்களுக்கு எதிரே மனு டைப் செய்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். இன்னொரு டீமின் கேப்டன் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களுக்குள் எந்தச் சண்டையும் கிடையாது, மைதானத்துக்குள் போகாதவரை. வீட்டுக்காரர்தான் ஸ்கோர் எழுதுகிறவர். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் பேனா பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து, எது நடந்தாலும் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

ஒவ்வொரு வருஷமும் சீசனுக்கு முன்னால் புதிதாகச் சேர வருகிறவர்களை ஒரு ஞாயிறு ஆடவிட்டுப் பார்ப்போம். பிறகு கேப்டன்கள் சீட்டுப் போட்டு, வரிசைப்படி ஆளுக்கொருவராக எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் முதல் சீட்டு எனக்கு விழுந்தது.

வந்தவர்களில் இரண்டு பேர் பேச்சுக்கு உரியவர்கள். ஒருத்தி ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண், வயது இருபத்தாறு. வீட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, நெல் விவசாயம். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் கம்மி. ரிங்குக்குக் கீழே நின்று, யாரும் மறிக்காதபோது, ஐந்து பந்தில் ஐந்தையும் உள்ளே போட்டாள். மற்றவர் ஒரு பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பம். குள்ளம், ஒல்லி. அன்றைக்குத் தன் ஷூ லேஸையே மிதித்து ஒருமுறை விழுந்தார். போட்ட பந்தில் பாதி போர்டில்கூடப் படவில்லை. போதாததற்குப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கம் அவர் வீட்டில். சாயங்காலப் பிராக்டிஸில் பாதியில் கிளம்பிவிடுவார் என்று என் நோட்டில் ஒரு மைனஸ் போட்டுக்கொண்டேன்.

"லேப் பொண்ணு எனக்கு," என்றேன், சீட்டைக் கீழே வைப்பதற்குள்.

நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, உயரத்தைப் பாத்து எடுக்கறீங்க."

"பின்ன, எதைப் பாத்து எடுக்கறது?"

"நான் டீச்சரை எடுத்துக்கறேன்," என்றாள் அவள். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

மூன்றாவது டீமின் கேப்டன், செங்கம் ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணியை எடுத்தார். அவர் மௌன விரதத்தில் இருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. "பாஸ் குடுன்னுகூடச் சொல்ல மாட்டாங்களே, எப்படி ஆடுவாங்க?" என்று எல்லோரும் அந்தக் கேப்டனைக் கிண்டல் செய்தோம்.

முதல் மேட்ச் எனக்கும் நாத்தனாருக்கும். நான் எடுத்தவள் அன்று ஒரு பாயிண்ட் போடவில்லை. பந்து கைக்கு வந்தால் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரண்டடி நடந்துவிடுவாள், விசில் அடிக்கும். ரிங்கில் பட்டுத் திரும்பி வரும் பந்தைத் தன்னைவிட ஒரு முழம் குட்டையானவர்கள் எகிறிப் பிடுங்கிப் போக, இவள் தோளைக் குறுக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவாள். எனக்குத் தாங்கவில்லை. ஆட்டம் முழுக்கக் கத்தினேன். "குனி! முட்டியை மடக்கு! குனிஞ்சு ஆடு!" பாஸ்கெட்பாலில் அது அரிச்சுவடிப் பாடம். முட்டி மடங்கினால்தான் உடம்பு நிலைக்கும்.

எதிர்ப்பக்கம் டீச்சர் அணில் மாதிரி ஓடினார். ட்ரையலில் விழுந்தவரா இவர் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, யாருக்குப் பாஸ் கொடுத்தார் என்று நாங்கள் தேடுவதற்குள் பந்து ரிங்குக்குள் இருக்கும். பிராக்டிஸ் விஷயமும் தெரிந்தது. நாத்தனார் தன் டீமின் பிராக்டிஸையே காலைக்கு மாற்றிவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. நான் மைனஸ் போட்ட விஷயம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை.

இரண்டாவது மேட்சிலும் தோற்றோம், அதுவும் மௌன விரதப் பெண்மணியிடம். அவர் கையைத் தட்டுவார், புருவத்தைத் தூக்குவார், பந்து அவரிடம் போய்விடும். எங்கள் ஐந்து பேரும் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் பாஸ் இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை. என்னுடையவள் அன்று இரண்டு பாயிண்ட் போட்டாள். அதிலும் ஒரு பந்து தவறி விழுந்து, தானாக உள்ளே போனது.

என் டீமில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "அக்கா, மொத சீட்டை வீணாக்கிட்டீங்க," என்று ஒருத்தி நேராகவே சொன்னாள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் ஸ்கோர் எழுதறவன், அபிப்பிராயம் சொல்றவன் இல்ல," என்றார்.

எங்கள் லீகில் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. இரண்டு கேப்டனும் ஒத்துக்கொள்ள வேண்டும், மாறுகிற இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. ரசத்துக்கு வந்தபோது மெல்ல ஆரம்பித்தேன். டீச்சரைக் கொடு, லேப் பெண்ணை எடுத்துக்கோ, கூடவே என் ஆளில் இன்னொருத்தியையும் தருகிறேன்.

நாத்தனார் கரண்டியை வைத்தாள். "ரெண்டே மேட்ச் அண்ணி. அதுக்குள்ளயா?"

"தப்பா எடுத்துட்டேன். ஒத்துக்கறேன். போதுமா?"

"எனக்கு டீச்சரை விட மனசில்ல. ஆனா அந்த உயரம் வேணாம்னும் சொல்ல மாட்டேன். டீச்சர்கிட்ட கேட்டுப் பாக்கறேன். உங்காளுகிட்ட நீங்க கேளுங்க."

அதைத்தான் நான் செய்யவில்லை. டீச்சர் என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். நாத்தனார் அன்று மாலையே டீச்சரிடம் போனில் பேசிவிட்டாள். டீச்சரும் லேப் பெண்ணும் தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் என்பது எனக்குத் தெரியாது. டீச்சர் கள்ளமில்லாமல், "நம்ம ரெண்டு பேரையும் மாத்திக்கறாங்களாமே, உங்களுக்குச் சம்மதமா?" என்று திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கேட்டிருக்கிறார்.

திங்கள் மத்தியானம் லேப் பெண் என் கடைக்கு வந்தாள். ஷட்டர் முழுசாக ஏறாது, எப்போதும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே குனிந்து நுழைந்தாள். கையில் ஒரு சர்ட்டிஃபிகேட்.

"ரெண்டு காப்பி, அக்கா."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்னை மாத்தறீங்களாமே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், டீமுக்காக, ஆட்டத்தின் போக்குக்காக என்று. அவள் கோபப்படவில்லை, சிரித்தாள்.

"பரவால்லக்கா. மூணு எடத்துலருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்துட்டுப் போயிருக்காங்க. மூணு பேருமே உயரம் ஜாஸ்தின்னு வேணாம்னுட்டாங்க. ஆனா அவங்ககூட, போய் போன் பண்றோம்னு ஒரு மரியாதைக்குச் சொன்னாங்க. நீங்க, டீச்சர் பஸ்ல சொல்லி நான் தெரிஞ்சுக்கற மாதிரி வெச்சுட்டீங்க."

 ஜெராக்ஸ் மெஷினை அணைத்தேன்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றாள். "எங்கம்மா ஒவ்வொரு தடவையும் காபித் தட்டைக் கையில குடுத்துட்டு, 'கொஞ்சம் குனிஞ்சு நில்லுடி'ன்னுவாங்க. ஸ்கூல்ல குரூப் போட்டோ எடுக்கறப்பவும் குனி. கல்யாண வீட்ல குனி. இங்கயாச்சும் நிமிந்து நிக்கலாம்னுதான் வந்தேன். நீங்களும் ரெண்டு மேட்ச் முழுக்கக் குனி குனின்னே கத்தறீங்க."

"நான் சொன்னது முட்டியை மடக்கறதுக்கும்மா."

"தெரியும்க்கா, புரியாம இல்ல. ஆனா அந்த வார்த்தை காதுல விழுந்தாலே தோள் தானா சுருங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

உட்காரச் சொன்னேன். பக்கத்துக் கடையில் டீ வரவழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன், சுற்றி வளைக்காமல். அவளை ஏன் முதலில் எடுத்தேன் என்ற உண்மையையும் சொன்னேன். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு மட்டும் இன்னும் ஓரடி உயரம் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்தே ஆடியவள் நான். அவள் உயரத்தை எடுத்தேனே தவிர அவளை எடுக்கவில்லை. அவள் எந்த இடத்தில் நின்று ஆட ஆசைப்படுகிறாள் என்று ஒருநாளும் கேட்டதுகூட இல்லை.

"எங்க நிக்க ஆசை?" என்று அப்போது கேட்டேன்.

"ரிங்குக்குக் கீழதான். ஆனா போடறதுக்கு இல்ல. அவங்க போடறதைத் தட்டறதுக்கு."

நாத்தனாருக்குப் போன் செய்து மாற்றல் வேண்டாம் என்றேன். "டீச்சரும் மாட்டேன்னுட்டாங்க," என்றாள் அவள். "காலையில பிராக்டிஸ் முடிச்சு ஸ்கூலுக்குப் போறது அவங்களுக்குத் தோதா இருக்காம்." ஆக நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த மாற்றல், எப்படியும் நடந்திருக்கப் போவதில்லை.

மூன்றாவது மேட்சில் ஒரே ஒரு காரியம் செய்தேன், வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது மௌன விரதத்தைவிடக் கஷ்டம். ஆட்டத்தின் முதல் பாதியில் அவள் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு ஃபவுல், ஒரு தப்பான பாஸ். பிறகு எதிர் டீமின் ஒருத்தி ரிங்கை நோக்கிப் பந்தைத் தூக்கினாள். இவள் நிமிர்ந்து, கையை நீட்டி, மாங்காய் பறிக்கிற மாதிரி அதைப் பாதி வழியிலேயே எடுத்துக்கொண்டாள். மைதானமே ஒரு விநாடி அப்படியே நின்றது. அவளும்தான். "ஓடு!" என்று கத்தினேன். அந்த ஒரு வார்த்தைக்கு அனுமதி உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ரிங்குக்குப் பக்கத்தில் வருவதற்கே ஆட்கள் யோசித்தார்கள். பாயிண்ட் அவள் அதிகம் போடவில்லை, கடைசி வரைக்கும். ஒரு மேட்சில் நான்கு, ஒரு மேட்சில் ஆறு. ஆனால் திரும்பி வரும் பந்தெல்லாம் அவள் கையில். வரிசையாக மூன்று ஜெயித்தோம், ஒன்று தோற்றோம், ஃபைனலுக்குப் போனோம். எதிர் டீம், வேறு யார், நாத்தனார்தான்.

ஃபைனலுக்கு லேப் பெண்ணின் அம்மா வந்திருந்தார். மகள் டிராக் பேண்டோடு ஓடுவதை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஆட்டம் ஏறியும் இறங்கியும் போனது. கடைசி சில விநாடிகளில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். டீச்சர் பந்தோடு வந்தார். வலது பக்கம் போவதுபோல் காட்டி இடது பக்கம் புகுந்து எகிறினார். என்னுடையவளும் எகிறினாள். பந்து தெறித்து வெளியே போனது. நாங்கள் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ள ஓடியபோது விசில் அடித்தது. பந்தோடு டீச்சரின் கையிலும் தட்டிவிட்டாள், ஃபவுல்.

ரெஃபரியிடம் சண்டைக்குப் போனேன். "பந்துலதான் பட்டுச்சு! நான் பாத்தேன்!"

அவள் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். "கையில பட்டுச்சுக்கா. ஃபவுல்தான்."

டீச்சருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் போடலாம், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். இரண்டையும் போட்டார், ரிங் தொடாமல். ஒரு பாயிண்டில் தோற்றோம். வீட்டுக்காரர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்து வாங்க வந்தார். முகத்தில் வழக்கம்போல் ஒன்றும் இல்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது. தங்கை ஜெயித்ததற்கா, மனைவி தோற்றதற்கா என்று இன்றைக்கு வரை சொல்லவில்லை.

அவளுடைய அம்மா என்னிடம் வந்தார். "ரொம்ப எகிறுது இந்தப் பொண்ணு. கால்ல ஏதாவது ஆயிடாதுங்களே?" என்று கேட்டார். ஆகாது என்றேன். "நல்லாத்தான் தட்டுது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மகளின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

முதல் சீட்டில் யாரை எடுத்திருக்க வேண்டும் என்று எங்கள் டீமில் இன்றும் வாக்குவாதம் உண்டு. பாயிண்ட்டை எண்ணினால் டீச்சர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீச்சரின் கால் வேகத்தை ட்ரையலில் நான் பார்க்கத் தவறினேன், நாத்தனார் தவறவில்லை. ஆனால் லேப் பெண்ணை எடுத்ததற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால் இல்லை. மாற்றப் பார்த்ததற்காகத்தான் வருத்தம்.

அடுத்த வருஷம் கேப்டன்கள் எல்லா ஆட்களையும் கலைத்துப் புதிதாக எடுப்பது என்று முடிவு செய்தோம். முதல் சீட்டு நாத்தனாருக்கு. ஜெயித்துக் கொடுத்த டீச்சரைத்தான் எடுப்பாள் என்று நான் இரண்டாவது சீட்டோடு நிம்மதியாகக் காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "லேப் பொண்ணு எனக்கு," என்றாள்.

டீச்சர் இப்போது என் டீமில். எங்கள் பிராக்டிஸும் காலைக்கு மாறிவிட்டது. போன ஞாயிறு சீசனின் முதல் மேட்ச். முதல் ஐந்து நிமிஷத்தில் எனக்கு ரிங்குக்குப் பக்கத்தில் நல்ல இடம் கிடைத்தது, ஆள் யாரும் இல்லை என்று நினைத்துப் பந்தைத் தூக்கினேன். எங்கிருந்தோ ஒரு நீளக் கை வந்தது. பந்து வேலியைத் தாண்டி, வரிசையாக நிறுத்தியிருந்த ஸ்கூட்டிகளுக்கு நடுவில் போய் விழுந்தது.

"சாரிக்கா," என்றாள் அவள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். நான் பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு வர ஓடினேன்.